சும்மா கிடந்த பேட்டரி எங்கே செலவழித்தது?

ஆயுத பூஜையன்று காலை, பெங்களூர் அல்சூரில் பெரியப்பா வீட்டு வாசலில் எல்லாம் தயார். வாழைக்கன்று கட்டியாயிற்று, பூசணிக்காய்க்குள் குங்குமம் போட்டாயிற்று, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டிதான் கிளம்பவில்லை. சென்னையில் தயாரான 1967-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 11.7 வோல்ட்.

கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா கண் திருஷ்டி என்றார். மெக்கானிக், "பேட்டரியைக் கழற்றி சிமெண்ட் தரையில வெச்சீங்களா? தரை சார்ஜை இழுத்துடும்" என்றார். பெரியப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஜூன் மாசமே டெர்மினலைக் கழற்றிட்டேன்பா. ஒரு பல்புகூட எரியலை. சும்மாதானே கிடந்துச்சு? அப்போ உள்ளே இருந்த கரண்ட் எங்கேதான் போச்சு?"

எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. அவருக்கு அன்று வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அடிப்படை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நெகட்டிவ் தகடு ஈயம். பாசிட்டிவ் தகடு ஈய டை ஆக்சைடு. நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்தால் எல்லாம் திரும்பி நடக்கிறது. 1859-இல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே செய்த பேட்டரியிலும் இதேதான் நடந்தது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. இன்னும் பழைய சில வண்டிகளில் மூன்று செல், 6 வோல்ட்.

அந்த 2.1 வோல்ட்டில்தான் புதிர் இருக்கிறது. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். பேட்டரிக்குள் இருக்கும் நீர்த்த அமிலத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான், இரு தகடுகளுக்கும் நடுவே 2.1 வோல்ட் எப்போதும் நிற்கிறது. அப்படியானால் கடையில் அமிலம் ஊற்றிய அன்றே அது குமிழ் விட ஆரம்பித்து, தன் சார்ஜையெல்லாம் தானே தின்று தீர்த்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத் துண்டை அமிலத்தில் போட்டதும் பொங்குமே, ஈயத் தகடும் அப்படிப் பொங்க வேண்டும். ஆனால் பொங்குவதில்லை. ஆகவே பெரியப்பாவின் கேள்வியை நான் புரட்டிக் கேட்பேன்: சும்மா கிடந்த பேட்டரி ஏன் தீர்ந்தது என்பது இருக்கட்டும், முதல் நாளே தீராமல் இத்தனை மாதம் எப்படித் தாக்குப்பிடித்தது?

ஹைட்ரஜன் வாயு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விடை தெரியும். அமிலத்தில் திரியும் ஒரு ஹைட்ரஜன் அயனி, உலோகத்தை நெருங்கி ஒரு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு அணுவாகிறது. தனி ஹைட்ரஜன் அணுவால் அப்படியே கிளம்ப முடியாது. இன்னொரு அணுவோடு ஜோடி சேர்ந்தால்தான் வாயு. அந்தத் துணை வரும்வரை அது உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். வழிப்போக்கனுக்குத் திண்ணை மாதிரி. பிளாட்டினம் நல்ல திண்ணை வைத்த வீடு. அணு வந்து உட்காரும், துணை வந்ததும் எளிதாக எழுந்து போகும். சில உலோகங்கள் அணுவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். ஈயமோ திண்ணையே இல்லாத வீடு. அயனி வரும், உட்கார இடம் இருக்காது, வந்த வழியே திரும்பிவிடும்.

இந்த வேறுபாடு சிறியதல்ல. பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் பிறக்கும் இயல்பான வேகத்தையும் ஈயத்தின் மேல் பிறக்கும் வேகத்தையும் ஒப்பிட்டால், நூறு கோடி மடங்குக்குக் குறையாமல் ஈயம் மந்தம். கிளம்ப வேண்டிய வினைதான், ஆனால் கிளம்ப இடமில்லை. உலகத்தில் பெரும்பாலான கார்களைக் காலையில் கிளப்பிவிடுவது இந்த மந்தம்தான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதை அளந்து சொன்னவர் யூலியுஸ் டாஃபெல் என்ற கரிம வேதியியலாளர். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் வேலை செய்தவர். பேட்டரி செய்ய அவர் கிளம்பவில்லை. அவர் கையில் இருந்தது ஸ்ட்ரிக்னின், அதாவது நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு. அதை மின்சாரத்தால் வேறு சேர்மமாக மாற்றப் பார்த்தார். மற்ற உலோகத் தகடுகளில் மின்சாரம் ஹைட்ரஜன் விடுவதிலேயே வீணானது. ஈயத் தகட்டில்தான் ஸ்ட்ரிக்னினுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன் என்று விடாமல் தோண்டியவர், 1905-இல் ஒரு விதியை எழுதினார். தகட்டின் மேல் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூட, வாயு பிறக்கும் வேகம் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு என்று பெருக்கலில் ஏறும். ஈயம் போன்ற உலோகங்களில் சுமார் 0.12 வோல்ட்டுக்குப் பத்து மடங்கு. எட்டி பழுத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பது நம் வழக்கம். இங்கே பயன்பட்டிருக்கிறது.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வரலாம். சுத்தமான ஈயம் மெத்தென்று இருக்கும், அச்சில் வார்த்து நிமிர்ந்து நிற்கவைப்பது கஷ்டம். அதனால் தகட்டைத் தாங்கும் கம்பிச் சட்டத்தில் விறைப்புக்காக ஆண்டிமனி கலந்தார்கள். தண்ணீர் ஊற்றும் பழைய பாணிப் பேட்டரிகளில் அது இருக்கும். பாசிட்டிவ் சட்டம் மெல்ல அரிக்கப்படும்போது ஆண்டிமனி அமிலத்தில் கரைந்து, நீந்தி, எதிர்ப்பக்கம் நெகட்டிவ் தகட்டின் மேல் படிகிறது. படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு திண்ணை! அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்து ஜோடி சேர்ந்து கிளம்பிவிடும். எலெக்ட்ரான் கொடுத்த ஈயம் பக்கத்திலேயே சல்பேட் ஆகும். டெர்மினலுக்கு வெளியே ஒரு கம்பியும் வேண்டாம், சர்க்யூட் உள்ளேயே முடிந்துவிடுகிறது. பெரியப்பாவின் கரண்ட் போனது இப்படித்தான்.

ஆண்டிமனி நிறைந்த, வயதான பேட்டரியில் இந்தக் கசிவு நாளைக்கு 1 சதவீதம் வரைகூடப் போகும். ஆண்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்த இன்றைய பேட்டரிகளில் மாதத்துக்கே 3 முதல் 5 சதவீதம்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் கசிவு ஏறக்குறைய இரு மடங்காகும். பெங்களூர் வீட்டு ஷெட்டில் 25 டிகிரியில் கிடக்கும் பேட்டரியைவிட, சென்னை மே மாத ஷெட்டில் கிடப்பது வெகு சீக்கிரம் தீரும். இன்னொன்று, போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்பு ஒரு தகட்டில் எலெக்ட்ரானை வாங்கி அடுத்த தகட்டில் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்க வரும், ஓயாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

சிமெண்ட் தரை விஷயம் முழுப் பொய்யும் அல்ல, ஒரு காலத்தின் மிச்சம். அந்தக் காலத்துப் பேட்டரிகளின் பெட்டி மரத்திலும் ரப்பரிலும் இருந்தது. அமிலம் கசிந்து ஈரத் தரையோடு மின் தொடர்பு ஏற்பட்டிருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி வழியாக எதுவும் கசியாது. சொல்லப்போனால் குளிர்ந்த தரை நல்லது, கசிவு குறையும். திருஷ்டி என்று சொன்ன அம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. பூஜையும் பூசணிக்காயும் எனக்கும் பிடிக்கும். ஆனால் திருஷ்டி என்று சொல்லிவிட்டால் அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் நிற்போம். அமிலத்தின் அடர்த்தியை அளந்து சார்ஜைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வாங்கத் தோன்றாது.

கசிவு மட்டும் என்றால் திரும்ப சார்ஜ் செய்தால் சரியாகிவிடும். கெடுதல் அதற்கு அடுத்த படி. புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மிக நுண்ணிய படிகங்கள். சார்ஜ் செய்தால் கரைந்து திரும்பும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால், சின்னப் படிகம் கரைந்து பெரிய படிகத்தின் மேல் போய்ப் படியும். ஃப்ரீஸரில் ரொம்ப நாள் கிடந்த ஐஸ்கிரீம் நறநறவென்று ஆகுமே, அதே வேலை. பெரிய படிகம் எளிதில் கரையாது, மின்சாரத்தையும் கடத்தாது. தகட்டின் அவ்வளவு பரப்பும் போனது போனதுதான். அதனால்தான் காலியான பேட்டரியை ஒரு நாள்கூடச் சும்மா வைக்கக் கூடாது என்பது.

சரி, என்ன செய்வது? வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் வண்டியைக் கிளப்பி நிறுத்துவது பலருடைய பழக்கம். பெரியப்பாவும் முன்பு செய்தார். ஹெரால்டில் இருப்பது டைனமோ. ஐடிலிங்கில் அது சார்ஜ் கொடுக்காது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதே அதற்குச் சாட்சி. செல்ஃப் நான்கு விநாடி 150 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தச் செலவு 0.17 ஆம்பியர்-மணிதான் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). இக்னிஷன் காயில் 3 ஆம்பியர் வீதம் பத்து நிமிஷத்துக்கு 0.5 ஆம்பியர்-மணி தின்கிறது. கிளப்பியதைவிட ஓடவிட்டதில்தான் பேட்டரி அதிகம் இழக்கிறது. போதாததற்கு, சூடேறாத எஞ்சினின் ஆயிலில் ஈரம் சேரும்.

கசிவை வெளியிலிருந்து ஈடுகட்டுவதுதான் சரியான வழி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி, நாளைக்கு 1 சதவீதக் கசிவு என்று வையுங்கள். 0.4 ஆம்பியர்-மணி. இருபத்துநான்கு மணிக்குப் பங்கிட்டால் 17 மில்லி ஆம்பியர். சார்ஜரில் மினுக்கும் எல்.இ.டி. ஒன்றுக்கு ஆகும் அளவுதான்! இதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் தகடு தன் கையிலிருந்து செலவழிக்காது.

ஆனால் பழைய கடைகளில் கிடைக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டும் வைத்த சார்ஜரை மாட்டிவிட்டு ஊருக்குப் போகக் கூடாது. அது ஓயாமல் 1 ஆம்பியர் தள்ளும் என்றால், தேவைக்கு மேல் போவதெல்லாம் தண்ணீரைப் பிளக்கும். ஆறு செல்லுக்கும் சேர்த்து நாளைக்குச் சுமார் 48 கிராம் தண்ணீர், மாதத்தில் ஒன்றரை லிட்டருக்குப் பக்கம். தகடு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

இங்கேதான் டாஃபெலின் விதி கைகொடுக்கிறது. நல்ல சார்ஜர் ஓட்டத்தைத் தள்ளாது, வோல்ட்டைப் பிடித்து வைக்கும். முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றி நிரப்பிவிட்டு, பிறகு 13.5 அளவுக்கு இறங்கி நிற்கும். செல்லுக்கு 2.25 வோல்ட். 2.4-இல் சளசளவென்று குமிழ் விடும் அதே செல், 2.25-இல் அநேகமாக அமைதியாக இருக்கும். வெறும் 0.15 வோல்ட் வித்தியாசம்தான், ஆனால் வாயு பல மடங்கு குறைகிறது. கசிவை ஈடுகட்டும் அளவுக்கு மேலே, தண்ணீரைப் பிளக்கும் அளவுக்குக் கீழே, அந்த ஒடுங்கிய சந்தில்தான் அது நிற்கிறது. 6 வோல்ட் வண்டிக்கு இதில் பாதி. அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட சார்ஜர் வாங்க மனமில்லையென்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். பெங்களூரில் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும். மாதம் ஒரு முறை பார்த்து, 12.4-க்குக் கீழே வந்தால் ஒரு முறை முழுதாக சார்ஜ் செய்து எடுத்துவையுங்கள். கழற்றும்போது பாடியோடு சேர்ந்த எர்த் கம்பியை முதலில் எடுக்க வேண்டும். பழைய ஆங்கிலேய டிசைன் வண்டிகள் பலவற்றில் எர்த் நெகட்டிவ் அல்ல, பாசிட்டிவ். கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. விண்டேஜ் என்று பதிவு செய்தால் அன்றாடம் ஓட்டக் கூடாது. ஆக, இவை இனி பெரும்பாலும் நிற்கப்போகும் வண்டிகள்தான்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியவில்லை. காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வுக்கூடம் 1953 முதல் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. அரிப்பும் கசிவும் குமிழும் ஆராயத் தக்கவை என்று ஒரு தனிமனிதர் அன்றே பணம் போட்டார். இன்று பேட்டரி என்றாலே லித்தியம்தான் பேச்சு. வேண்டியதுதான். ஆனால் நம் ஆட்டோவிலும் இன்வெர்ட்டரிலும் ஈயம்தான் ஓடுகிறது. அதை ஒரு வருஷம் கூடுதலாக வாழவைக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் வர வேண்டும். பழையது என்பதற்காக ஒரு வினையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக ஆகாது.

பெரியப்பாவின் பேட்டரியை ஜன்னல் ஓரம் வைத்து, 2 ஆம்பியரில் ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றினோம். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.25-க்கு வந்துவிட்டது. நான்காவது செல் மட்டும் 1.19-இல் நிற்கிறது. அவர் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்து பார்க்கப் போகிறோம்.