எச்சத் தொடுகை: ஒரு சொல் விளக்கம்

உதகமண்டலத்தில் உயிர்வேதியியல் கற்பிக்கும் எனக்கு, புரத அமைப்பைப் பற்றிய பாடம் தொடங்கும் நாளில் ஒரே ஒரு சொல்லுக்காகத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. 'ரெசிடியூ' என்று கேட்டுப் பழகிய மாணவர்களின் முன் 'அமினோ அமில எச்சம்' என்று எழுதினால், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இலையில் தங்கிவிடும் பூச்சிமருந்து எச்சமும், மற்றவர்களுக்குப் பறவையின் எச்சமும் நினைவில் எழுகின்றன. "சார், அப்படியென்றால் புரதத்தில் எது கழிவு?" என்று ஒரு மாணவி கேட்டார். கழிவு எதுவும் இல்லை என்று ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி, சொல்லின் வேர்வரை சென்று விளக்கத் தக்கது. புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறவர்கள் நாள்தோறும் கையாளும் 'எச்சத் தொடுகை' என்னும் தொடரின் இரண்டு பாதிகளையும் இங்கே அவ்வாறே விளக்க முயல்கிறேன்.

முதலில் பொருள். சங்கிலியாக இணைந்து புரதங்களை ஆக்கும் அடிப்படை அமினோ அமிலங்கள் 20. அவற்றுள் இரண்டு இணையும்போது, ஒன்றன் அமிலத் தொகுதியிலிருந்தும் மற்றொன்றன் அமினோ தொகுதியிலிருந்தும் அணுக்கள் பிரிந்து ஒரு நீர் மூலக்கூறாக வெளியேறுகின்றன. நீர் போனபின் சங்கிலியில் நிற்பது முழு அமினோ அமிலம் அன்று, அதன் எஞ்சிய பகுதியே. கிளைசின் தனியே இருக்கும்போது அதன் மூலக்கூறு நிறை 75. சங்கிலிக்குள் அமர்ந்தபின், நீரின் 18 குறைந்து, 57. ஆகவே 'இந்தப் புரதத்தில் 153 அமினோ அமிலங்கள் உள்ளன' என்று சொல்வது பேச்சு வழக்கில் பொறுக்கத்தக்கதே என்றாலும், '153 எச்சங்கள் உள்ளன' என்பதே வேதியியலுக்கு நேர்மையான கூற்று.

'ரெசிடியூ' என்பதன் மூலம் இலத்தீனில் 'பின்னே அமர்ந்திரு' என்னும் பொருள்தரும் வினை. மற்றவை போனபின் இருந்த இடத்திலேயே இருப்பது என்பது அதன் கருத்து. தமிழில் அதே கருத்து 'எஞ்சு' என்னும் வினையில் இருக்கிறது. அஞ்சு என்பதிலிருந்து அச்சமும், மிஞ்சு என்பதிலிருந்து மிச்சமும் பிறந்ததைப் போலவே, எஞ்சு என்பதிலிருந்து எச்சம் பிறந்தது. பழந்தமிழில் இச்சொல்லுக்கு இழிவுப் பொருள் இல்லை. ஒருவர் தகுதியுடையவரா என்பது அவருக்குப்பின் எஞ்சி நிற்பதால் அறியப்படும் என்று திருக்குறளின் 114-ஆம் குறள் சொல்லும் இடத்தில் வருவது இந்த எச்சமே. அங்கே அதற்கு மக்கட்பேறு என்றும் புகழ் என்றும் உரை கண்டிருக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சொல்லின்மீது பற்று ஏற்படக் காரணம் இலக்கணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். 'வந்த' என்பது ஒரு பெயருக்காகக் காத்து நிற்கிறது. 'வந்து' என்பது ஒரு வினைக்காகக் காத்து நிற்கிறது. ஆகவே முன்னது பெயரெச்சம், பின்னது வினையெச்சம். நுணுகிப் பார்த்தால், வேதியியலில் எதையோ இழந்தபின் நிற்பது எச்சம். இலக்கணத்தில் முடிக்கும் சொல் இனிமேல் வரவேண்டியிருப்பது எச்சம். திசை வேறுதான். ஆனால் தனியே நின்றால் நிறைவுபெறாமல், அடுத்ததோடு சேர்ந்தே பொருள்படுவது என்னும் இயல்பு இரண்டுக்கும் பொது. புரதத்தின் எச்சமும் தன் இருபுறத்து அண்டைகளோடு பிணைந்து நிற்கும் வரையில்தான் எச்சம். நீரேற்றுப் பிரித்தால் அது மறுபடியும் முழு அமினோ அமிலமாகிவிடும்.

மாற்றாகச் சிலர் எழுதும் 'மீதி' கணக்குப் பாடத்துக்கு உரியது. 'கசடு' அடியில் தங்கும் அழுக்கைக் குறிப்பது. நீலகிரியில் தைலம் காய்ச்சும் இடங்களில், ஆவியோடு எண்ணெய் போனபின் கொப்பரையில் கிடக்கும் இலையைச் சக்கை என்கிறோம். அங்கே வேண்டியது வெளியேறிவிட்டது, வேண்டாதது தங்கிவிட்டது. புரதத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளியேறுவது நீர், உடலின் வேலையையெல்லாம் செய்வது எஞ்சியது. எச்சம் என்ற சொல்லையே பாடநூல்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் வேண்டுவது இதனால்தான்.

இனி, இரண்டாம் சொல். 'கான்டாக்ட்' என்பதும் இலத்தீன் வழி வந்ததே. 'சேர்ந்து தொடுதல்' என்பது அதன் நேர்ப்பொருள். இதைத் 'தொடர்பு' என்று மொழிபெயர்ப்பதால் நேரும் குழப்பம் பெரிது. தமிழில் தொடு என்னும் ஓரடி இரண்டு வினைகளாகக் கிளைத்திருக்கிறது: கையால் தொடுவது ஒன்று, பூவைத் தொடுப்பது மற்றொன்று. தொட்டான் வேறு, தொடுத்தான் வேறு. எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியில் சேர்க்கும் பெப்டைடு பிணைப்பு தொடுத்தலின் பாற்படும். அவ்வாறு தொடுக்கப்பட்ட சங்கிலி மடிந்தபின், வரிசையில் தொலைவில் இருக்கும் எச்சங்கள் முப்பரிமாண வெளியில் நெருங்கி நிற்பது தொடுதலின் பாற்படும். 'தொடர்பு' என்று எழுதினால் இவ்விரண்டில் எது என்பது தெரியாமல் போகும். 'தொடுகை' என்று எழுதினால் ஐயமே எழாது. சங்கிலிக்குத் தொடுப்பு, மடிப்புக்குத் தொடுகை.

இதை விளக்க இம்மலையில் கரும்பலகை தேவையில்லை. தலைக்குந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு வளைவின் மேல்தளத்தில் நிற்கும் வண்டியும் அதன் கீழ்த்தளத்தில் ஏறிவரும் வண்டியும் சாலை வழியே அளந்தால் வெகுதொலைவில் இருக்கின்றன. சரிவு வழியே அளந்தால் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. புரதச் சங்கிலி தன் மேலேயே திரும்பி, எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு இழைகளாக அமையும் உருவத்துக்கும் ஆய்வாளர்கள் கொண்டை ஊசி என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம் என்பதை வரையறுக்காமல் தொடுகையைப் பேச இயலாது. ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். வரிசையில் அடுத்தடுத்த இரு எச்சங்களின் ஆல்ஃபா கார்பன்களுக்கு, அதாவது பக்கக்கிளை கிளைக்கும் நடுக் கார்பன்களுக்கு, இடையே வழக்கமாக 3.8 ஆங்ஸ்ட்ராம் உண்டு. இரு எச்சங்களின் பீட்டா கார்பன்கள், அதாவது பக்கக்கிளையின் முதற்கார்பன்கள் (பக்கக்கிளையில் கார்பனே இல்லாத கிளைசினில் ஆல்ஃபா கார்பன்), 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்பது ஒரு பரவலான வரையறை. ஹைட்ரஜன் அல்லாத ஏதேனும் ஓர் அணு இணை 4 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எதைக் கொண்டோம் என்று சொல்லாமல் தொடுகைகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதும் கட்டுரைகளை ஏற்கக் கூடாது என்று என் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். அளவை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம் என்று காட்டும் வரைபடம் தொடுகை எல்லைகளின்மீதே எழுப்பப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இரு ஹைட்ரஜன் அணுக்கள் 2.0 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம், மிஞ்சிப் போனால் 1.9 வரை என்பதுபோல ஒவ்வோர் அணு இணைக்கும் எல்லை வகுத்து, அந்த எல்லையை மீறும் மடிப்புகளையெல்லாம் அவர்கள் விலக்கினார்கள்.

எல்லா எச்ச இணைகளையும் ஒரு சதுரக் கட்டத்தில் குறித்து, தொடும் இணைகளுக்கு மட்டும் புள்ளியிட்டால் கிடைப்பது தொடுகை வரைபடம். நான்கு இடம் தள்ளியிருக்கும் எச்சத்தைத் தொட்டுக்கொண்டே சுழலும் ஆல்ஃபா சுருள் அதில் மூலைவிட்டத்தை ஒட்டிய பட்டையாகத் தெரியும்; கொண்டை ஊசி மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான கோடாகத் தெரியும். வரிசையில் 24 இடங்களோ அதற்கு மேலோ தள்ளியிருந்தும் தொடும் இணைகளே, நெடுந்தொலைவுத் தொடுகைகள் என்ற பெயரில், முழு மடிப்பின் வடிவத்தை மிகுதியாக வெளிப்படுத்துகின்றன.

வடிவம் தெரியாத புரதத்திலும் தொடுகைகளை ஊகிக்க முடிகிறது என்பது வியப்புக்குரியது. அதற்குத் தமிழ் யாப்பில் நல்ல ஒப்புமை உண்டு. முதலடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்தை மாற்றினால், எதுகை கெடாமலிருக்க அடுத்த அடியின் முதற்சீரையும் மாற்றியாக வேண்டும். அதுபோல, பல உயிரினங்களில் உள்ள ஒரே குடும்பப் புரதங்களின் வரிசைகளை அடுக்கிப் பார்க்கும்போது, ஓரிடத்து எச்சம் மாறிய இனங்களில் தொலைவிலுள்ள மற்றோர் இடத்து எச்சமும் சேர்ந்தே மாறியிருப்பின், அவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடும் என்று கணிக்கலாம். யாப்பிலும் இந்த உறவுக்குத் தொடை என்றே பெயர்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு நான் தரும் எடுத்துக்காட்டு வேறு. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் பண்பை, அதாவது இரத்தச் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கும் நோயின் மரபுக்கூற்றை, பதிவு செய்தனர். அந்த நோயின் துன்பத்தை இன்றும் சுமக்கும் குடும்பங்கள் இங்கே உள்ளன. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 எச்சங்கள். ஆறாவதாக நிற்க வேண்டிய குளூட்டாமிக் அமில எச்சத்தின் இடத்தில் வாலின் எச்சம் வந்துவிடுவதே அந்நோய்க்கு மூலம் என்பது 1950-களில் இங்கிராமின் ஆய்வால் தெளிவாயிற்று. மின்னூட்டம் கொண்ட பழைய எச்சம் நீரை நாடிப் புறத்தே நின்றது. புதிய வாலினோ நீரை ஒதுக்குவது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில், அந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85-ஆம் ஃபினைல்அலனினும் 88-ஆம் லியூசினும் அமைக்கும் குழியில் போய்ப் பொருந்துகிறது. அவ்வாறு ஒன்றையொன்று பற்றிய மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாளாக வளைக்கின்றன.

இவ்வகைத் தொடுகைக்கும் தமிழில் தனிப்பெயர் வேண்டும். ஒரே சங்கிலிக்குள் நிகழ்வதைச் சங்கிலியகத் தொடுகை என்றும், ஒரே மூலக்கூறின் இரு சங்கிலிகளுக்கு இடையே நிகழ்வதைச் சங்கிலியிடைத் தொடுகை என்றும், மேலே கண்ட வாலினுடையதைப்போல் இரு மூலக்கூறுகளுக்கு இடையே நிகழ்வதை மூலக்கூறிடைத் தொடுகை என்றும் வகுப்பில் எழுதி வருகிறேன்.