பழைய பீங்கான் மூடி வாங்குறதுக்கு முன்னாடி அதுல இருக்குற எழுத்தைப் படிங்க

லண்டன்ல பழம்பொருளுக்கு மதிப்பு போடுற வேலை எனக்கு. என்கிட்ட அடிக்கடி வர்றது விக்டோரியா காலத்து பீங்கான் டப்பா மூடிங்கதான். அப்போ இங்க பல்பசை, முகத்துக்குப் பூசுற கோல்ட் (cold) கிரீம், தலைக்குத் தடவுற கரடிக் கொழுப்பு, மீன் பேஸ்ட்னு எல்லாமே சின்ன பீங்கான் டப்பால வித்தாங்க, மூடி மேலயே விளம்பரமும் அச்சாயிருக்கும். கொண்டு வர்றவங்க "இருநூறு வருஷப் பழசாம், ரொம்ப அபூர்வமாம்"னு சொல்வாங்க. வித்தவன் சொன்னதை அப்படியே நம்பி பெரிய காசு குடுத்திருப்பாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

வயசுக்கு முதல் சாட்சி மூடில இருக்குற விலாசம். லண்டன் விலாசத்துல டபிள்யூ, ஈ.சி.ன்னு தபால் எழுத்து இருந்தா அது 1857க்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, ஏன்னா அந்த முறையே அப்பதான் வந்துச்சு, அந்த எழுத்தோட நம்பரும் சேர்ந்து இருந்தா 1917க்கு அப்புறம். வைர வடிவ பதிவு முத்திரை இருந்தா அந்த டிசைனை 1842லருந்து 1883க்குள்ள பதிவு பண்ணிருக்காங்க. அப்புறம் உள்ளூர் ஆவணக் காப்பகத்துல பழைய வியாபார டைரக்டரிய வருஷம் வருஷமா புரட்டுங்க, அந்த மருந்துக்கடை அந்தத் தெருவுல எப்போ வந்துச்சு எப்போ போச்சுன்னு தெரிஞ்சிடும். பொறுமை வேணும், ஆனா இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

கலர் படம் போட்ட மூடின்னா இன்னும் ஜாக்கிரதை. இங்கிலாந்துல ஃபென்டன் ஊர்ல இருந்த ப்ராட்ங்கிற பீங்கான் கம்பெனிக்காக ஜெஸ்ஸி ஆஸ்டின் செதுக்கின படங்கள்ல ஒவ்வொரு கலருக்கும் தனி செப்புத் தகடு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார ஓரத்துல சின்ன புள்ளி வச்சிருப்பாங்க. அந்தப் புள்ளியப் பாத்ததும் ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, பழைய தகடுகளை வச்சு 20ஆம் நூற்றாண்டுலயும் அடிச்சிருக்காங்க. லென்ஸ் வச்சுப் பாக்கும்போது படம் முழுக்க பேப்பர் அச்சு மாதிரி வரிசையா ஒரே அளவுல புள்ளி தெரிஞ்சா அது புதுசு.

பழசா இருந்தா மட்டும் அபூர்வம் ஆகிடாது. ப்ராட்டோட 'வில்லேஜ் வெட்டிங்' மூடி அழகா இருக்கும், ஆனா நிறைய கிடைக்குது. நம்ம கொட்டைப்பாக்கைக் கரியாக்கி செஞ்ச பல்பசையும் இங்க எக்கச்சக்கமா வித்திருக்கு, அந்த மூடிகளும் அப்படித்தான், ஆனா அதுலயே ஏதோ ஒரு சின்ன ஊர் மருந்துக்கடை பேர் போட்டது வந்தா சேகரிக்கிறவங்க போட்டி போடுவாங்க.

வாங்கினதும் வெள்ளையாக்குறேன்னு பிளீச்ல மட்டும் ஊறப்போடாதீங்க, கிளேஸ்ல, அதாவது மேல இருக்குற கண்ணாடி மாதிரி பூச்சுல, இருக்குற விரிசல் வழியா உள்ள இறங்கி, காயும்போது உப்பு பூத்து கிளேஸையே பேத்துரும்.