உடும்பைப் பார்த்து ஏன் சிரித்தார்கள்?

"படம் எடுத்து முடிச்சாச்சுங்க தம்பி. உடும்ப மட்டும் வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

சில வருடங்களுக்கு முன்பு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் என் மேசைமேல் ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிட்டு இப்படிச் சொன்னார். பணம் போட்டவர் அவர்தான். தென்னந்தோப்பில் இரண்டு ஏக்கரை விற்றிருந்தார். இயக்குநர் அவருடைய அக்கா மகன். கைவிட்ட கல்குவாரித் தண்ணீருக்குள்ளிருந்து அறுபதடி உயர உடும்பு ஒன்று கிளம்பி வந்து, கள்ளுக்கடையை மிதித்து நசுக்கிவிட்டு வாளையாறு காட்டுக்குள் போய்விடுகிறது. கதை அவ்வளவுதான். தமிழ், மலையாளம் இரண்டிலும் விட்டுவிடலாம் என்று கணக்கு.

நான் கிராஃபிக்ஸ் வேலை செய்கிறவன். எட்டு வருடம் சென்னையில் இருந்துவிட்டு, அப்புறம் வேலந்தாவளத்தில் ஒரு மாடி அறையில் நான்கு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிட்டேன். டிஸ்க்கில் உடும்பு வர வேண்டிய 86 ஷாட்கள் இருந்தன. போட்டுப் பார்த்தேன். கள்ளுக்கடை வாசலில் பதினைந்து பேர் நின்று அலறுகிறார்கள். ஒருவர் தென்னை உச்சியைப் பார்க்கிறார், இன்னொருவர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கிறார், ஒரு பெரியவர் நேராகக் கேமராவையே பார்க்கிறார். கூரை ஒரு கீற்றுகூட அசையவில்லை. தூசி இல்லை. ஆனி மாதம் எடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பின்னால் தென்னை மரமெல்லாம் தலைவிரித்து ஆடுகிறது. ட்ரோன் ஒன்று, இல்லாத உடும்பைச் சுற்றி ஈ மாதிரி பறக்கிறது.

அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அட்வான்ஸ் வாங்கினேன். நான்கு மாதம் ராத்திரி பகலாக வேலை செய்து 86 ஷாட்டையும் முடித்துக் கொடுத்தேன். முதல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உடும்பு கள்ளுக்கடைமேல் கால் வைத்த இடத்தில் தியேட்டரே சிரித்தது. பயப்பட வேண்டிய இடம். முன்னால் மூன்றாவது வரிசையில் பணம் போட்டவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அந்தச் சிரிப்பில் என் பங்கும் உண்டு. படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கும், அவர்களை நம்பித் தோப்பை விற்கத் தயாராக இருக்கும் மாமன்மார்களுக்கும் இதை எழுதுவது அதனால்தான்.

இந்த மாதிரிப் படங்கள் ஊத்திக்கொண்டால் உடனே சொல்லும் காரணம், 'பட்ஜெட் பத்தல'. நானும் வெகுநாள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2010-ல் வந்த 'மான்ஸ்டர்ஸ்' படத்துக்குச் சுமார் 250 எஃபெக்ட்ஸ் ஷாட்டையும் இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் வீட்டிலிருந்த கம்ப்யூட்டரில் தானே செய்தார். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தில் 610 ஷாட், அதற்கு வேலை செய்தவர்கள் 35 பேர். 2024-ல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் வாங்கியது. நம் கணக்குக்கு அதுவும் பெரிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பல மடங்கு கொட்டி எடுத்த படங்களை முந்திக்கொண்டு வாங்கியது. அந்த இரண்டு படங்களின் இயக்குநர்களுமே எஃபெக்ட்ஸ் வேலையும் தெரிந்தவர்கள். பின்னால் மிருகத்தை எப்படிச் சேர்ப்பது என்று தெரிந்துதான் கேமராவை வைத்தார்கள். நம் ஆட்கள் கேமராவை வைத்துவிட்டு மிருகத்துக்கு இடம் தேடுகிறார்கள்.

சரி, உடும்பைப் பார்த்து ஏன் சிரித்தார்கள்? அதற்குக் கனம் இல்லை.

வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு யானையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த கொம்பன் நான்கைந்து டன் இருக்கும். அது துரத்தினால் மனிதனால் ஓடித் தப்ப முடியாது. ஆனால் எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்பாது. பத்தடி மிருகத்துக்கே உடம்பு அவ்வளவு பாரம். எங்கள் அறுபதடி உடும்போ, சுவரில் பல்லி ஓடுகிற மாதிரி சரசரவென்று ஓடியது. நிஜ உடும்பு நடப்பதை வீடியோவில் பார்த்து, அதே வேகத்தைப் பெரிய உடம்பில் ஒட்டியிருந்தேன். நிஜ உடும்பு வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் இருந்தாலே பெரிசு. அந்தச் சுறுசுறுப்பு அந்த அளவுக்கானது.

இதில் புதுசாக ஒன்றுமில்லை. 1638-லேயே கலிலியோ எழுதிவைத்த விஷயம். ஒரு பிராணியை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஆகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப்பரப்பு நூறு மடங்குதான் கூடும். உடும்பின் மெல்லிய காலை அப்படியே ஊதிப் பெரிதாக்கினால் முதல் அடியிலேயே முறிந்துவிடும். பார்க்க வருகிறவருக்குக் கலிலியோ தெரிய வேண்டாம். யானையைப் பார்த்த கண் போதும். இது பொய் என்று அதுவே சொல்லிவிடும்.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட இரண்டு விநாடி ஆகும். அதையே நூறில் ஒரு பங்காகப் பொம்மை செய்து இருபது சென்டிமீட்டரிலிருந்து போட்டால் 0.2 விநாடியில் விழுந்துவிடும். அதைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் பத்து மடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 240 ஃபிரேமில் (ஃபிரேம் என்பது ஒரு தனிப்படம்) படம்பிடித்து, திரையில் வழக்கமான 24-ல் ஓட்ட வேண்டும். எத்தனையில் ஒரு பங்கோ, அதன் வர்க்கமூலம்தான் கணக்கு. 25-ல் ஒரு பங்கு பொம்மைக்கு ஐந்து மடங்கு, 120 ஃபிரேம். 1954-ல் ஜப்பானில் முதல் காட்ஸில்லாவை எடுத்தபோது அதன் எஃபெக்ட்ஸைச் செய்த எய்ஜி சுபுராயாவின் குழு செய்ததும் இந்த வித்தைதான். சுமார் நூறு கிலோ ரப்பர் உடைக்குள் ஹருவோ நகஜிமா என்ற நடிகர் வியர்வையில் நனைந்துகொண்டு நடந்தார். கேமராவை வேகமாக ஓட்டி, திரையில் அவர் நடையை மெதுவாக்கினார்கள். இன்றைக்கு அந்த 120, 240 ஃபிரேம் பல பேர் பாக்கெட்டில் இருக்கும் போனிலேயே கிடைக்கிறது. மணலையும் சிமென்ட் தூளையும் கொட்டி, ஒரு செங்கல்லைப் போட்டு எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் நான் ஒரு வாரம் உட்கார்ந்து செய்யும் தூசியைவிட நன்றாக இருக்கும்.

ஷூட்டிங்கில் செய்ய வேண்டியவற்றுக்குக் காசு கம்மிதான். தேங்காய் பறிக்கிற தொரட்டிக் கோல் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மிருகத்தின் தலை வரும் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால், பதினைந்து பேரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். கோல் எட்டாத உயரமா, கோல் பிடிப்பவரை நடிப்பவர்கள் பக்கம் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள், பார்வைக்கோடு சரியாக வரும். கால் விழும் இடத்தில் நாலு பேர் கயிறு கட்டிக் கூரையை இழுக்கட்டும். ஒவ்வொரு செட்டப்பிலும் ஒரு சாம்பல் நிற உருண்டையையும் ஒரு எவர்சில்வர் உருண்டையையும் வைத்துப் பத்து விநாடி எடுத்துக் கொடுங்கள்; வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு என்று எனக்கு அது சொல்லிவிடும். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பெரிய பொருளை மனிதன் கீழே நின்று அண்ணாந்துதான் பார்ப்பான். மேலிருந்து சுற்றினால் மலைகூட மண்மேடாகிவிடும்.

இப்போது பணம். ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக, அதாவது கணக்குப் போட்டு முழுப் படமாக வர, என் கம்ப்யூட்டரில் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மிருகம் திரையில் 90 விநாடி. 90 பெருக்கல் 24, 2160 ஃபிரேம். ஒரு கம்ப்யூட்டருக்கு அறுபது நாள், ராத்திரி பகல் நிறுத்தாமல், ஒரு திருத்தமும் இல்லாமல். திருத்தம் இல்லாத படத்தை நான் பார்த்ததில்லை. 'ஜுராசிக் பார்க்' 127 நிமிடப் படம், அதில் டைனோசர் தெரிவது சுமார் 15 நிமிடம். 'ஜாஸ்' எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால், சுறாவை அதிகம் காட்டாமலே பயமுறுத்த வேண்டியதாயிற்று. கையில் காசு குறைவாக இருப்பவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் அந்தப் படம்தான். எங்கள் உடும்பு 11 நிமிடம் வந்தது. ஷாட்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசியிருந்தோம், எத்தனை விநாடி என்று பேசவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. நீங்கள் பேசும்போது விநாடிக் கணக்கையும், எத்தனை தடவை திருத்தம் என்பதையும் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் அந்த இயக்குநர் தம்பி ஒரு யோசனை சொன்னார். "நிஜ உடும்ப ஒண்ணு புடிச்சுட்டு வந்து பொம்மை வீட்டுக்கு நடுவுல விட்டா என்னண்ணா?" 1940-ல் ஹாலிவுட்டில் நிஜப் பல்லி இனங்களையே டைனோசர் என்று காட்டியிருக்கிறார்கள். அது வேறு காலம். உடும்பு நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலே ஜெயில். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் பிடித்தாலும் அந்தப் பக்கம் பிடித்தாலும் சட்டம் ஒன்றுதான். நாயோ மாடோ நடித்தால்கூட விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். சொன்னேன், விட்டுவிட்டார்.

இந்தச் சித்திரையில் இன்னொரு பையன் வந்தான். மலம்புழா அணையிலிருந்து ராட்சத விலாங்கு கிளம்புகிறதாம். அவன் மாமா பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கதையை முழுதாகக் கேட்காமலே, "பத்து விநாடி, ஒரே ஷாட், தொரட்டியோடு எடுத்துட்டு வா, அதுவரைக்கும் மாமாகிட்ட ஒத்த ரூபா வாங்காதே" என்று அனுப்பினேன். போன வாரம் எடுத்து வந்தான். காலைப் பொழுது, காற்றில்லை. கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஆறு பேர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகிறார்கள். விலாங்கு இன்னும் வரவில்லை, பார்க்கும்போதே எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. திரும்பவும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் நிற்கும் அவன் மாமா மட்டும் கேமராவைப் பார்க்கிறார்.