டெல்டாவில் வீடு: எதை நீங்களே பார்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

"ஆள் வைத்து நானே கட்டிக்கொள்கிறேன் சார், பிளானில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். ஒப்பந்ததாரரின் லாபம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. தப்பில்லை; ஆனால் அதில் நம் மண்ணைச் சேர்க்கவில்லை.

மேட்டூர் தண்ணீரும் ஐப்பசி மழையும் வந்தால் இங்குள்ள களிமண் உப்பும். சித்திரையில் சுருங்கி வெடிக்கும். போதாததற்கு, இன்றைய மனைகளில் பல நேற்றைய வயல்கள். ரோட்டு மட்டத்துக்கு மண் அடித்து விற்றுவிடுகிறார்கள். அடித்த மண்ணைத் தாண்டி இயற்கை மண்ணுக்குப் போகாமல் கடைக்கால் நின்றுவிட்டால், பின்னால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். வீட்டுக்காரர் பூச்சு வேலை பார்த்த கொத்தனாரைத் திட்டுவார். பாவம், அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே மண் பரிசோதனை, அஸ்திவாரத்தின் வகை, கம்பிக் கணக்கு மூன்றும் பொறியாளருடையவை. நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் தண்ணீர்ப் பரிசோதனையும் சேரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. உப்புத் தண்ணீரில் கலந்தால் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும்.

தளம் போடும் அன்று கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பாருங்கள். கலவை இறுகலாக இருக்கிறது, இழுக்க வரவில்லை என்று யாராவது ஒரு வாளி தண்ணீரைக் கூடுதலாகக் கவிழ்ப்பார். உடனே கலவை பளபளவென்று பரவும், பார்க்கவும் அழகாக இருக்கும். வலு அங்கேயே போய்விட்டது. கம்பிக்கு அடியில், அதைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டு செருகியிருப்பதையும் அன்றைக்குப் பார்க்கலாம்.

பொருள் வாங்குவது, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் தாராளமாக நீங்களே பாருங்கள். நீராற்றுவதை, அதாவது போட்ட கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பதை, வீட்டுக்காரரைவிட ஒழுங்காக யாரும் செய்வதில்லை, நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது.

முழு ஒப்பந்தமாகக் கொடுப்பவர்கள், சதுர அடி விலைக்குள் மண் அடிப்பும் செப்டிக் டேங்கும் காம்பவுண்டு சுவரும் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அடங்காது.

கூலிக்கு விடுகிறவர்கள் மேற்பார்வைக்கு மட்டும் ஒரு பொறியாளரைத் தவணை முறையில் பேசிக்கொள்ளலாம்: கடைக்கால், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), தளம் என்று. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியைப் பார்க்க வராதவருக்கு அந்தத் தவணையைக் கொடுக்க வேண்டாம், அது நானாகவே இருந்தாலும்.