ஜெனீவாவுக்கு மனு எழுதும் முன்

இலங்கையில் ஜனநாயகச் சீர்திருத்தம் வர ஐ.நா. தலையிட வேண்டும் என்று மதுரையில் நடக்காத உண்ணாவிரதம் இல்லை. கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கை அகதி முகாம்களில் உறவைத் தொலைத்துவிட்டு இருக்கும் குடும்பங்களுக்கு, எந்தக் கதவை எதற்குத் தட்டுவது என்று சொல்ல ஆளில்லை.

ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டாது. 2015 அக்டோபரில், இலங்கையில் நல்லிணக்கமும் பொறுப்புக்கூறலும் வேண்டும் என்ற 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. அடுத்த ஆண்டே காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரியில் புதிய அரசு அனுசரணையிலிருந்து விலகியபோது பேரவையால் தடுக்க முடியவில்லை. பணம் சம்பந்தப்பட்டால் பேச்சு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச்சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அதில் தவறியதால் 2010 ஆகஸ்டில் நின்ற சலுகை, 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. சலுகையை நிறுத்தச் சொல்லிக் கோஷம் போடுவது சுலபம். ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் அதில் அடிபடுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தனிக் குடும்பத்துக்கு நேரடியாகத் திறந்திருக்கும் கதவு, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் குறித்த ஐ.நா. செயற்குழு. 1980 முதல் இயங்குகிறது. கட்டணம் கிடையாது. உள்நாட்டு நீதிமன்றப் படிகளை ஏறி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. குற்றவாளி யார் என்று அது தீர்ப்புச் சொல்லாது, இழப்பீடும் தராது. ஆளுக்கு என்ன ஆனது என்று அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மனுவில் கேட்கப்படுபவற்றில் முக்கியமானவை ஐந்து: முழுப்பெயர், காணாமல் போன தேதி, இடம், கொண்டுபோனவர்கள் யார் என்ற விவரம், தேடுவதற்கு எடுத்த முயற்சிகள். சறுக்குவதும் இங்கேதான். "பொங்கல் கழிந்து ஒரு நாள்" என்று எழுதினால் நிற்காது. நாள் நினைவில்லை என்றால் மாதமும் ஆண்டுமாவது வேண்டும். "வன்னியில்" என்று வட்டாரத்தை மட்டும் சொல்வதும் போதாது. ஓமந்தைச் சோதனைச் சாவடி என்றால் அதையே எழுதுங்கள். சீருடையா, சாதாரண உடையா, என்ன வாகனம் என்பதையும் சேருங்கள். இலங்கை அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், முகாம் அட்டையில் வேறொன்று, அப்பா பெயர் ஒன்றில் முழுதாக, இன்னொன்றில் வெறும் இனிஷியல் என்று இருப்பது சகஜம். இரண்டையும் குறிப்பிடாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

குடும்பத்துக்காக வேறு யாராவது அனுப்பினால், குடும்பத்தின் நேரடிச் சம்மதம் கட்டாயம். கூட்டத்தில் வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. மனு விவரம் இலங்கை அரசுக்குப் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அனுப்புபவரின் பெயரை ரகசியமாக வைக்கும்படி செயற்குழுவின் மனுப் படிவத்திலேயே கேட்கலாம்.

அமைப்புகளுக்கு வேறொரு வழி, ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா. பேரவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலிக்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு. தனி அமைப்பின் அறிக்கை 2,815 சொற்களைத் தாண்டக் கூடாது. கூட்டறிக்கை என்றால் 5,630 வரை போகலாம். அறிக்கைகள் இணையத்தில் பகிரங்கமாக வெளியாகும் என்பதால் பாதிக்கப்பட்டவர்களின் பெயரைப் போடாதீர்கள்.

செயற்குழுவுக்கு மனு போன பிறகு, தொடர்பு முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். முகாம் மாறுவதும் ஊர் திரும்புவதும் நடக்கிற காரியம்தான். ஆளுக்கு என்ன ஆனது என்ற அரசின் தெளிவான பதில் உங்களுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் உங்களிடமிருந்து மறுப்பு வராவிட்டால், அந்த வழக்கு தெளிவானதாக, அதாவது விடை கிடைத்துவிட்டதாகக் கணக்கில் ஏறிவிடும்.