"இறுக்குது டாக்டர், அப்போ வேலை செய்யுதுதானே?"

சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் ஈரப் படிகாரக் கட்டியை ஒரு இழுப்பு இழுத்துக் கழுவிவிடுவார்கள். அதனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அதே படிகாரத்தை வறுத்து, பொடித்து, எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து, கருமையும் நாற்றமும் போக அக்குளில் அரைமணி நேரம் அப்பி வைக்கச் சொல்கிறது ஒரு நிமிட வீடியோ. மடிப்பு முழுக்கச் சிவந்து, நடுவில் தோலுரிந்து, நீர் கசிய வருகிறவர்களை எண்ணுவதையே விட்டாயிற்று. "என்ன போட்டீங்க?" என்றால் "ஒண்ணும் போடல டாக்டர்". மூன்றாவது தடவை கேட்டால்தான் படிகாரம் வெளியே வரும். அது மருந்துக் கணக்கிலும் வராது, கெமிக்கல் கணக்கிலும் வராது போலிருக்கிறது.

கெமிக்கல்தான். பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். "அலுமினியம் டியோடரன்ட் ஆகாதுன்னு படிகாரத்துக்கு மாறிட்டேன்" என்பவர்களுக்கு: 100 கிராம் கட்டியில் 5.7 கிராம் அலுமினியம் இருக்கிறது. 45 கிராமுக்கு மேல் தண்ணீர். இரும்புச் சட்டியில் சூடாக்கினால் அந்தத் தண்ணீரிலேயே உருகி, கொதித்து, பொரிபொரியாக உப்பி, கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்பு போல உலர்ந்து நிற்கும். தண்ணீர் போய்விட்டதால் பொரித்த படிகாரம் ஒரு கிராம், பொரிக்காதது ஏறக்குறைய இரண்டு கிராமுக்குச் சமம். போதாததற்கு, ஈரம் எங்கே கிடைத்தாலும் உறிஞ்சும். அக்குளில் வேறென்ன இருக்கிறது?

இனி அந்த "இறுக்குது" விவகாரம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிகாரத்தை நுனிநாக்கில் தொட்டுப் பாருங்கள். முதலில் லேசான இனிப்பு, பிறகு புளிப்பு, அப்புறம் நாக்கு சொரசொரவென்று மேலண்ணத்தில் ஒட்டும். வாழைப்பூவைப் பச்சையாக மென்றாலும், கடுக்காயைக் கடித்தாலும் வருவது இதுதான். ஆறு சுவையில் ஒன்றாகத் துவர்ப்பை வைத்திருக்கிறோம்; உடலியல்படி பார்த்தால் அது பெரும்பாலும் தொடுவுணர்வு. உமிழ்நீரில் வழவழப்பைத் தருகிற புரதங்கள், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்துபோகின்றன. வழவழப்பு போனதும் நாக்கும் கன்னத்தின் உட்பக்கமும் உரசுகின்றன. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம். வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

தோலிலும் நடப்பது அதே திரிதல்தான். மேற்பரப்பில் உள்ள புரதம் திரிந்து, மெல்லிய படலமாக உலர்ந்து இழுக்கிறது. சவரத்தில் கீறிய இடத்தில் இரத்தம் நிற்பதும் இதனால்தான். அந்த இழுப்பைத்தான் "துவாரம் மூடிக்கிச்சு, தோல் டைட் ஆயிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். தோல் துவாரத்தைத் திறந்து மூடக் கதவும் கிடையாது, தசையும் கிடையாது. சில மணி நேரத்தில் இழுப்பு தளர்ந்து தோல் பழையபடி ஆகிவிடும். இறுக்கம் என்பது பலன் அல்ல; மேல்தோல் வறள்கிறது என்கிற தகவல். அதைக் கூட்டிக்கொண்டே போனால் அடுத்த கட்டம் வெடிப்பு, அதற்கடுத்தது புண். தோல் இருக்க விரும்பும் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) ஏறத்தாழ 5. செறிவான படிகாரக் கரைசல் 3 முதல் 3.5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. இரண்டையும் குழைத்து மூடிய மடிப்பில் அரைமணி நேரம் வைத்தால் என்ன ஆகும் என்று தனியாக விளக்கப் போவதில்லை.

கருமை போகும் என்று தேய்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அக்குளோடு பின்கழுத்தும் கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். தேய்ப்பதை விட்டுவிட்டுச் சர்க்கரையையும் எடையையும் பாருங்கள். தேய்த்துப் புண்ணாக்கினால், ஆறும்போது நம் நிறத்துத் தோல் முன்னைவிடக் கறுத்துத்தான் ஆறும்.

நாற்றத்துக்குத்தான் வேண்டும் என்றால் வேண்டாமென்று சொல்லவில்லை. கிருமிகளைக் கட்டுப்படுத்தும், வியர்வையைப் பெரிதாகக் குறைக்காது. குளித்துத் துடைத்த, புண்ணில்லாத தோலில் நனைத்த கட்டியை ஒரே ஒரு இழுப்பு. அக்குளில் முடி எடுத்த பிறகு இரண்டு நாள் கூடாது. அரித்தால் அன்றோடு நிறுத்துங்கள். முகச் சவரத்துக்குப் பின் என்றால் ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவுங்கள். சலூனில் எல்லோர் கன்னத்திலும் போகிற கட்டி உங்கள் கன்னத்துக்கு வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாங்கும். இரத்தம் கசிகிற கீறல் அதற்கு நல்ல வழி. சொந்தக் கட்டி ஒன்று பையில் இருக்கட்டும்.

வாய்ப்புண்ணில் பொடியை நேராக வைக்காதீர்கள், தயவுசெய்து. மிளகளவு புண் வெள்ளையாக வெந்து, காசளவு ஆகிவிடும். கொப்பளிக்க 200 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, போதும். அரை நிமிடம் வைத்துத் துப்பிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு முறை, மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். சிறு குழந்தைகளுக்குக் கூடாது, விழுங்கிவிடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் வாய்ப்பக்கமே கொண்டுபோக வேண்டாம். அலுமினியம் வெளியேறச் சிறுநீரகம்தான் வழி. இரண்டு வாரம் ஆறாத புண்ணை, அதுவும் பாக்கு, புகையிலை போடுகிறவர் வாயில் இருப்பதை, படிகாரத்தால் கொப்பளித்து நாள் கடத்துவது மகா தவறு.

பிரசவத்துக்குப் பிறகு பிறப்புறுப்பு இறுகும் என்று படிகாரமும் மாசிக்காயும் வைப்பவர்கள் வெட்கத்தில் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அங்கும் நடப்பது வறட்சிதான். உலர்ந்த சவ்வில் நுண்கீறல் விழும், தொற்று ஏறும். வைத்திருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் அம்மா, யாரும் திட்டமாட்டார்கள்.

ஏற்கெனவே வெந்துபோயிருந்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மெல்லிய பூச்சாக வாஸ்லின் மட்டும். மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற ஸ்டீராய்டு கலந்த டியூப் வேண்டாம். அது வேறொரு கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.

வாங்கும்போது கட்டியாகவே வாங்குங்கள். படிகாரத்துக்குச் சீனாக்காரம் என்றும் பெயருண்டு. வெண்காரம் வேறு, அது போராக்ஸ். பொடித்துப் பொட்டலம் கட்டினால் இரண்டும் வெள்ளை. வீட்டில் பெயர் எழுதாமல் டப்பாவில் போட்டு, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.