வலீ: பாதுகாவலரா, பொறுப்பாளரா?

தர்கா பக்கம் போனவர்களுக்கு அவுலியா என்ற சொல் தெரிந்திருக்கும். இறைநேசர்களைக் குறிக்கும் பன்மை அது, ஒருமை வலீ. அரபி வேரின் அடிப்படைப் பொருள் நெருக்கம். இறைவனுக்கு நெருங்கியவர் வலியுல்லாஹ். பெண்ணுக்கு நெருங்கிய ஆண் உறவாக நின்று அவள் நிக்காஹை, அதாவது திருமண ஒப்பந்தத்தை, முடித்துக் கொடுப்பவரும் வலீதான், பெரும்பாலும் தந்தை. (கடைசி எழுத்தைக் குறிலாக்கினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும், கவனம்.)

நம்பிக்கை கொண்ட ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் அவுலியா என்கிறது குர்ஆன் 9:71. அங்கே சொல் இருபக்கமும் செல்கிறது. மணச் சட்டத்துக்குள் வந்ததும் ஒருபக்கம் சாய்ந்தது. அதிலும் ஒரே கருத்து இல்லை. ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில்) வலீ இல்லாமல் நிக்காஹ் கூடாது. ஹனஃபியிலோ வயதுவந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தக்க காரணமில்லாமல் வலீ தடுத்தால் காழி (நீதிபதி) தலையிடலாம் என்பதும் பழைய விதியே.

சவூதியில் இந்தச் சொல் நிக்காஹைத் தாண்டி வெகுதூரம் போனது. 'வலீ அல்அம்ர்' என்ற சொல் நாட்டை ஆள்பவரையும் குறிக்கும், வீட்டு ஆணையும் குறிக்கும். பெண் கடவுச்சீட்டு வாங்க, வெளிநாடு போக அந்த வீட்டு ஆணின் சம்மதம் வேண்டியிருந்தது. விதவைத் தாய்க்கு மகன் வலீயாக இருந்ததும் உண்டு. 2009இல் 'என் விஷயம் என் வலீக்கே நன்றாகத் தெரியும்' என்று இந்த முறையை ஆதரித்துக் கையெழுத்து இயக்கம் தொடங்கியவர்கள் சவூதிப் பெண்கள்தான். 2016இல் வேறு பெண்கள் அதே சொல்லைப் பெண்பாலாக்கி, 'எனக்கு நானே வலிய்யா' என்றார்கள். அந்த ஆண்டு இந்த முறையை ஒழிக்கக் கோரி சுமார் 14,000 பேர் கையெழுத்திட்ட மனு அரசிடம் போனது. 2019 ஆகஸ்டில், 21 வயது நிரம்பிய பெண் தானே கடவுச்சீட்டு எடுக்கலாம் என்று விதி மாறியது. ஆனால் திருமணத்துக்கு வலீ இன்னும் வேண்டும். 2022இன் தனிநபர் சட்டமே அதை எழுதி வைத்திருக்கிறது.

மொராக்கோ போன வழிதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. அது மாலிகி மத்ஹபைப் பின்பற்றும் நாடு. குடும்பச் சட்டத்தைத் திருத்தலாமா என்று 2000 மார்ச்சில் ரபாத்தில் ஆதரவுப் பேரணி, காசாபிளாங்காவில் எதிர்ப்புப் பேரணி. எதிர்ப்புப் பக்கமும் பெண்கள் திரளாக நின்றார்கள். 2004இல் வந்த சட்டம் வலீயை ஒழிக்கவில்லை. வலீ வைத்துக்கொள்வது பெண்ணின் உரிமை என்று திருப்பிப் போட்டது. வயதுவந்தவள் தானே ஒப்பந்தம் செய்யலாம், விரும்பினால் தந்தையிடம் ஒப்படைக்கலாம்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'பாதுகாவலர்' என்றால் பாதுகாப்பு கிடைக்கிறது என்று நாமே தீர்ப்பு எழுதியதுபோல ஆகிறது, வாசலில் நிற்கும் காவலாளி வாடையும் வருகிறது. நிக்காஹ் பேச்சில் 'மணப் பொறுப்பாளர்' பொருந்தும். சவூதியில் அரசு நடத்திய ஏற்பாட்டுக்கு 'ஆண் காப்பாளர் முறை' என்பதே சரி. தர்காவில் மட்டும் இறைநேசர்.